காணிக்கைக் கன்றும் கத்தரிக்கோல் நொதியும்

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சபிதா அந்தப் படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தாள். பத்துக் கட்டங்களில் ஒன்பது இருட்டாக இருந்தன. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தாலும் இருட்டு இருட்டாகவேதான் இருந்தது.

"சார், நம்ம மட்டி போச்சு சார்" என்றாள்.

அனில்குமார் சார் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். அந்த ஆய்வுக்கூடத்தில் அவர் தலைவர், சபிதா ஆய்வாளர். இரண்டு பேரும் சேர்ந்து மூன்று ஆண்டுகளாக மட்டி வாழையைக் கண்ணாடிக் குப்பிகளில் வளர்த்துப் பெருக்கி வந்தார்கள். படத்தைப் பார்த்துவிட்டு அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

குப்பியில் வாழை வளர்ப்பதில் ஒரு தொல்லை உண்டு. ஒரு துளிரைப் பிளந்து இரண்டாக்கி, இரண்டை நாலாக்கி, சுற்றுச் சுற்றாகப் பெருக்கிக்கொண்டே போனால் சில கன்றுகள் தாயைப் போல இல்லாமல் மாறிவிடும். டி.என்.ஏ.வில் உள்ள எழுத்துகள் அப்படியேதான் இருக்கும். ஆனால் சில எழுத்துகளின் தலையில் மீத்தைல் என்கிற சின்ன வேதிப்பொருள் ஒரு தொப்பி போல உட்கார்ந்திருக்கும். அந்தத் தொப்பி கழன்றுவிடும். அவர்கள் தோட்டத்தில் பார்த்தவரைக்கும், ஒரு குறிப்பிட்ட இடத்தில் தொப்பி கழன்ற மட்டி, வளரும்போது ஒரு குறையும் தெரியாமல் வளர்ந்தது; குலை தள்ளியபோதுதான் காயெல்லாம் கோணிக்கொண்டு நின்றது. ஓராண்டு உழைத்தவன் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தொப்பி இருக்கிறதா என்று கண்ணால் பார்க்க முடியாது. அதற்கு இரண்டு நொதிகள் இருக்கின்றன. இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி, டி.என்.ஏ.வில் ஒரே இடத்தைத் தேடிப்போய் வெட்டுகிறவை. ஆனால் குணம் வேறு. ஒன்று தொப்பியைக் கண்டால் கை வைக்காது, விலகிப்போய்விடும். மற்றது தொப்பி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே வெட்டு. நீளமான பெயர்களைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்ச் சபிதா முதலாவதற்கு மரியாதைக்காரன் என்றும் இரண்டாவதற்கு முரடன் என்றும் பெயர் வைத்திருந்தாள். மரியாதைக்காரன் வெட்டாமல் விட்ட துண்டு, கடைசியில் படத்தில் வெளிச்சக் கோடாகத் தெரியும். வெட்டிவிட்டால் இருட்டு.

ஒன்பது கட்டம் இருட்டு என்றால் ஒன்பது கன்றுக்குத் தொப்பி இல்லை.

"முதல் நூறுலேருந்துதானே இலை எடுத்தது?" என்று சார் கேட்டார்.

"ஆமா சார். ஒண்ணுலேருந்து நூறு நம்பருக்குள்ள பத்து. செல்லபாய் அக்கா பஸ்ஸுல குடுத்துவிட்டாங்க. கவர்லயும் நம்பர் எழுதியிருக்கு."

முதல் நூறில் எடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவைதான் மிகக் குறைந்த சுற்றில் பிறந்தவை. அவையே மாறிப்போயிருந்தால் பின்னால் பிறந்த தொள்ளாயிரத்தைப் பார்க்கவே வேண்டாம்.

ஆயிரம் கன்றும் குழித்துறைக்கு அப்பால் ஒரு கிராமத்தில், பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே நின்றன. செல்லபாயும் அவருடைய குழுவில் உள்ள ஐந்து பெண்களும் எட்டு மாதமாக அவற்றைப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் நூறு குழுவுக்கே சொந்தம், மீதி விவசாயிகளுக்கு என்பது பேச்சு. திங்கட்கிழமை நாலு மணிக்குள், கன்றுகளை வாங்கி விநியோகிக்கும் அரசு அலுவலகத்துக்கு அறிக்கை போக வேண்டும். கன்று சரியில்லை என்று அறிக்கை போனால் அத்தனையையும் வெட்டிக் குழியில் போட்டு மூடச் சொல்வார்கள். குறையுள்ள கன்றை ஊரில் பரப்பக் கூடாது என்பது நியாயம்தான். நியாயமாக இருந்தால் மட்டும் துக்கம் குறைந்துவிடுகிறதா?

"இன்னொரு தடவ பாத்தா?" என்றாள் சபிதா.

"மரியாதைக்காரன் எவ்வளவு மிச்சம் இருக்கு?"

"பன்னிரண்டு சோதனைக்கு இருக்கும். அடுத்த பார்சல் வர மூணு வாரம் ஆவும்."

"அது கெடக்கட்டு. படம் தெளிவாட்டுதான் இருக்கு." சார் எழுந்தார். "செல்லபாய்க்குப் போன் பண்ணிச் சொல்லிரு. திங்கக்கிழமைக்கு முன்னாடி அவங்க மனசத் தேத்திக்கிடட்டும்."

சபிதா போனைக் கையில் எடுத்தாள். பெயரையும் தேடி எடுத்தாள். ஆனால் அழுத்தவில்லை. போனில் சொன்ன கெட்ட செய்தி, போனை வைத்ததும் கேட்டவரைத் தனியாக விட்டுவிட்டுப் போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் கையையாவது பிடித்துக்கொள்ளலாம்.

"நாளைக்கு நேர்ல போய்ச் சொல்லுகேன் சார்."

"ஞாயித்துக்கிழமையா? உனக்குக் கெடைக்கிற ஒரு லீவு."

"போறேன் சார்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை திருவட்டாற்றில் பஸ் ஏறி, குழித்துறைப் பாலத்தைத் தாண்டி இறங்கி, ஆட்டோ பிடித்தாள். செல்லபாய் வீடு என்றதும் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"அக்காவயா? வீட்டுக்குப் போய் என்னத்துக்கு? இன்னைக்கு அறுப்பின் பண்டிகையில்லா. ஊரே ஆலயத்துலதான் இருக்கு. அங்கயே விட்டுருகேன்."

சபிதா பெருமாள் கோவிலுக்குப் போகிற குடும்பத்துப் பெண். அறுப்பின் பண்டிகை என்று கேள்விப்பட்டிருந்தாளே தவிர, பார்த்ததில்லை. ஆலயத்து முற்றத்தில் பந்தல் போட்டிருந்தது. அவரவர் நிலத்திலும் வீட்டிலும் விளைந்ததில் முதலாவதைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். மரச்சீனிக் கிழங்கு மண்ணோடு, சேனை, பூசணி, தேங்காய்க் குலை, கால் கட்டிய இரண்டு சேவல்கள். யாரோ ஒருவர் தம் தையல் கடையில் அந்த மாதம் முதலில் தைத்த சட்டையைக்கூட மடித்து வைத்திருந்தார். சேவல்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

இந்தச் சந்தோஷத்துக்கு நடுவில் எப்படி அதைச் சொல்வது என்று அவள் வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"ஏட்டி சபிதா! நீ வந்தியா!"

செல்லபாய் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். புதுச் சேலை, அதில் அதற்குள் மண் கறை. வந்த வேகத்தில் சபிதாவின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"பண்டிகைன்னு யாரு சொன்னா? நானே கூப்பிடணும்ன்னு நெனச்சேன், பின்ன மறந்துட்டேன். வா, வா, எனக்க காணிக்கையப் பாரு."

"அக்கா, நான் ஒரு காரியம் சொல்ல..."

"காரியம் எங்கயும் ஓடிப்போவாது. இதப் பாரு முதல்ல."

பந்தலின் வடக்கு ஓரத்தில் வாழைக் கன்றுகள் நின்றன. கறுப்புப் பைகளில், இடுப்பளவு உயரத்தில், ஒன்றுபோல ஒன்று. குருத்து ஒவ்வொன்றும் சுருட்டி வைத்த புதுப் பாய் மாதிரி விறைப்பாக இருந்தது. ஆட்கள் வரிசையாக வந்து ஆளுக்கொரு கன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"வீட்டுக்கு ஒண்ணு" என்றார் செல்லபாய். "குழுவுல எல்லாரும் பேசி முடிவு பண்ணினோம். நம்ம ஊருல பிள்ளைக்கு முதல்ல ஊட்டுகது மட்டிப்பழம்லா? எந்த வீட்டுலயும் அது இல்லாம இருக்கப்பிடாது. எங்க பங்கு நூறையும் கொண்டு வந்துட்டோம்."

சபிதாவின் கண் கன்றுகளின் மேல் போனது. அவள் கையால் பிறந்த கன்றுகள். தண்டில் நம்பர் அட்டை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

"இது எந்த நூறு அக்கா?"

"எந்த நூறா? முதல் நூறுதான். தேவனுக்குக் குடுக்கும்போ முதல் பலனத்தானே குடுக்கணும்? கடைசியத் தூக்கிக் குடுக்க முடியுமா?"

"முதல் நூறா?" சபிதா பக்கத்தில் நின்ற கன்றின் தண்டைத் தொட்டுப் பார்த்தாள். "அப்போ நம்பர் அட்டை?"

"அத அவுத்துட்டேன். போன மாசமே பிரிச்சு வச்சதுல்லா. காணிக்கைக்கு எதுக்கு மக்கா நம்பரு? எண்ணிக் கணக்குப் பாத்துக் குடுத்தா அது காணிக்கையா?"

"அவுத்த அட்டைய எங்க போட்டீங்க?"

"ஏன் போடணும்? கெட்டிட்டேன்." செல்லபாய்க்கு இப்போது கொஞ்சம் சந்தேகம் வந்தது. "அந்தக் கடைசி நூறு உண்டுல்லா, சார் குப்பையில போடச் சொன்னது, நான் கெஞ்சிக் கேட்டு வாங்கிட்டு வந்தது? அதுகளுக்கு அட்டையே இல்ல. எல்லாத்துக்கும் கழுத்துல பேரு இருக்கு, அதுக மட்டும் அனாத மாதிரி நிக்கு. எனக்கு மனசு கேக்கல. அந்த அட்டைய இதுகளுக்குக் கெட்டிவிட்டேன். ஏன், கெட்டப்பிடாதா?"

சபிதாவுக்கு அந்தக் கன்றுகள் நினைவுக்கு வந்தன. ஆயிரம் கன்றுக்குப் பிறகு மிஞ்சிய நூறு அது. எட்டுச் சுற்றுக்கும் அப்பால், பிளந்து பிளந்து களைத்துப்போன துளிர்களிலிருந்து எடுத்தவை. அவற்றில் தொப்பி கழன்றிருக்கும் என்று தெரிந்துதான் சார் வேண்டாம் என்றார். அவற்றின் கழுத்தில் இப்போது ஒன்றிலிருந்து நூறு வரை அட்டை தொங்குகிறது. அவற்றின் இலைதான் கவரில் வந்திருக்கிறது.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணில் நீரும் வந்துவிட்டது.

"ஏட்டி, என்ன ஆச்சு உனக்கு? பேய் பிடிச்சவ மாதிரி சிரிக்க?"

சபிதா அவரைப் பந்தக்காலின் ஓரமாக அழைத்துப்போய், கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது இருட்டுக் கட்டங்களை, திங்கட்கிழமை நாலு மணியை, குழியை. ஒன்றையும் மறைக்கவில்லை. செல்லபாயின் முகம் வெளுத்தது. அங்கே கிடந்த பூசணிக்காய் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்க தம்புரானே! நான் இரக்கப்பட்டுக் கெட்டின அட்டையா மத்த கன்னுகளுக்குக் குழி தோண்டப் பாத்துது?"

"தோண்டலக்கா. நாளைக்கு நாலு மணி வரைக்கும் நேரம் உண்டு. பன்னிரண்டு சோதனைக்கு மருந்து இருக்கு. ஒண்ணு தாய் வாழைக்கு, ஒண்ணு அந்தக் கடைசி நூறுல ஒரு கன்னுக்கு. மிச்சம் பத்து. இந்தக் காணிக்கையில அஞ்சு இலை, உங்க பந்தல்ல கடைசி நம்பர்கள்ல அஞ்சு இலை. முதலும் சரி, கடைசியும் சரின்னா நடுவுல உள்ளதும் சரிதான்."

"அப்பம் எடு. ஏன் நிக்க?"

"இது இப்போ உங்களுது இல்லையேக்கா. குடுத்தாச்சு. பாதிக்கு மேல வீட்டுக்குப் போயாச்சு."

செல்லபாய் எழுந்து நேராகப் போதகர் யேசுரத்தினத்திடம் போனார். அவர் அப்போது ஏதோ அறிவிப்பு வாசித்துக்கொண்டிருந்தார். செல்லபாய் காதில் சொன்னதைக் கேட்டு, சபிதாவைப் பார்த்து, ஒலிபெருக்கியை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார்.

"சபையாருக்கு ஒரு விசேஷ அறிவிப்பு. நம் சகோதரி செல்லபாய் கொடுத்த வாழைக் கன்றுகளுக்கு ஒரு பரிசோதனை இருக்கிறது. கன்று வாங்கினவர்கள் குருத்தில் விரலளவு ஒரு துண்டு கொடுத்தால், வலைப் பந்தலில் நிற்கிற தொள்ளாயிரம் கன்றுகள் பிழைக்கும். கொடுக்க மனதுள்ளவர்கள் வடக்கு ஓரத்துக்கு வரவும்."

ஐந்து பேர் வருவார்கள் என்று சபிதா நினைத்தாள். முற்றமே திரண்டு வந்தது. வீட்டுக்குப் போய்விட்டவர்களும் ஒலிபெருக்கியைக் கேட்டுவிட்டு, கன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள்.

"குருத்த நுள்ளினா கன்னு செத்துப்போவுமா?" என்று கேட்டார் ஜெபகனி என்கிற ஆசிரியை.

"சாவாது டீச்சர். ஒரு வாரத்துல அடுத்த இலை வந்துரும்."

"நம்மளுக்கு பிளட் டெஸ்ட் எடுக்கியது மாதிரியா?" என்றார் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த பெர்லின்.

"அதே மாதிரிதான் அண்ணே."

"அப்பம் எனக்க கன்னுக்கு சுகர் இருக்கான்னும் பாத்துருங்க. இல்லாட்டி பழம் இனிக்காது."

கூட்டம் சிரித்தது. பெர்லினின் மனைவி, "உங்களுக்கு இருக்கியது போதும், இலையக் குடுத்துட்டு நவுருங்க" என்றாள்.

சபிதா கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கன்றுகளைத் தொட்டாள். தொடாத கன்றுக்காரர்கள் முகம் வாடினார்கள். அவளால் அதைத் தாங்க முடியவில்லை. வந்து நின்ற முப்பத்தொரு பேரிடமும் இலை வாங்கி, கவரில் வீட்டுப் பெயர் எழுதி, ஐந்தை நாளைக்கும் மீதியை அடுத்த பார்சல் வந்ததும் பார்ப்பதாக வாக்குக் கொடுத்தாள். இலை வாடாமல் கொண்டுபோக ஐஸ் வேண்டியிருந்தது. எலுமிச்சை வெள்ளம், அதாவது எலுமிச்சைத் தண்ணீர், கலக்க வைத்திருந்த ஐஸ் பெட்டியைப் பெண்கள் ஐக்கியத்தார் அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அன்று நல்ல வெயில். ஆலயத்தில் அத்தனை பேரும் சூடான எலுமிச்சை வெள்ளம்தான் குடித்தார்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. கடவுள் பெரிய காரியங்களை இப்படிப்பட்ட சின்ன விட்டுக்கொடுத்தல்களை வைத்துத்தான் நடத்துகிறார்போலும் என்று சபிதாவுக்குத் தோன்றியது.

வலைப் பந்தலுக்குப் போய்த் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட எண்களில் ஐந்து இலையையும் அந்தக் கடைசி நூறில் ஓர் இலையையும் தானே பார்த்து வெட்டினாள். அட்டை பார்த்தாள், தண்டு பார்த்தாள், பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தாள். போன தடவையே இதைச் செய்திருக்க வேண்டும் என்று மனது குத்தியது.

ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி, சாயங்காலத்துக்குள் இலைகளை அரைத்து டி.என்.ஏ. எடுத்து வைத்தாள். திங்கட்கிழமை காலை கோவில் படிக்குக் கீழே நின்று, "பெருமாளே, கை நடுங்கப்பிடாது" என்று மட்டும் கேட்டுக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். குளிர்பெட்டியிலிருந்து மரியாதைக்காரனின் குப்பியை ஐஸில் வைத்து எடுத்தாள். அடியில் கண்ணீர்த் துளி அளவுக்குத்தான் இருந்தது. பன்னிரண்டு முறை எடுக்க வேண்டும். ஒன்று சிந்தினாலும் மூன்று வாரம். பன்னிரண்டாவது துளி குழாயில் இறங்கியபோதுதான் அவள் மூச்சு விட்டாள். முரடன் தாராளமாக இருந்தான்; அவனையும் தனித் தனிக் குழாயில் விட்டாள்.

பதினொரு மணிக்கு வராந்தாவில் சத்தம். செல்லபாயும் ஐந்து பெண்களும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தார்கள்.

"வீட்டுல இருப்புக் கொள்ளல மக்கா. நாங்க இஞ்ச ஓரமாட்டு இருக்கோம். உனக்க வேலையப் பாரு."

அனில்குமார் சார் அவர்களுக்கு நாற்காலி போட்டு, இரண்டு நொதிகளின் கதையைச் சொன்னார். மரியாதைக்காரனை முதன்முதலில் மனிதர்களின் தொண்டையில் குடியிருக்கும் ஒரு கிருமியிலிருந்துதான் எடுத்தார்கள் என்றதும் செல்லபாய் தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"நம்ம தொண்டையிலயா? அங்க இருந்துகிட்டு இவ்வளவு மரியாதையா?"

"ஏன்?"

"எனக்க மாமியாருக்க தொண்டையில இது இருந்திருக்காது சார்."

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். சாரும் சிரித்துவிட்டார். இதற்கிடையில் சபிதாவின் போன் ஓயவில்லை. ஆலயத்தில் இலை கொடுத்தவர்கள் ஒருவர் மாற்றி ஒருவர், எங்க வீட்டு இலை என்ன ஆச்சு, பாஸா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மூன்று மணிக்குச் சபிதா எல்லாரையும் உள்ளே கூப்பிட்டாள். விளக்கை அணைத்து, கோடுகளைக் காட்டும் பெட்டியின் ஒளியைப் போட்டாள்.

முதல் கட்டம் தாய் வாழை. வெளிச்சக் கோடு. இரண்டாவது கடைசி நூறில் ஒன்று. இருட்டு. மூன்றாவதில் கோடு. நாலாவதில் கோடு. ஐந்து, ஆறு, ஏழு. காணிக்கைக் கன்று ஐந்தும் பளிச்சென்று இருந்தன. எட்டு, ஒன்பது, பத்து. பதினொன்றாவது கட்டம் மங்கலாக இருந்தது. சபிதா குனிந்தாள். செல்லபாய் அவள் தோளை இறுக்கிப் பிடித்தார்.

"இருக்கு" என்றார் சார். "டி.என்.ஏ. கொஞ்சம் கொறவா விழுந்திருக்கு, அவ்வளவுதான். கோடு இருக்கு." பன்னிரண்டிலும் இருந்தது. முரடன் போன கட்டங்கள் எல்லாம் இருட்டு. அப்படித்தான் இருக்க வேண்டும்.

"அப்பம்?" என்றார் செல்லபாய்.

"பிழைச்சாச்சு அக்கா. தொள்ளாயிரமும்."

செல்லபாய் சத்தம் போடவில்லை. இரண்டு கையையும் முகத்தில் வைத்துக்கொண்டு, "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்தார். மற்ற ஐந்து பேரும் அவருக்கும் சேர்த்துச் சத்தம் போட்டார்கள். அடுத்த அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

கொஞ்சம் அடங்கியதும் செல்லபாய் இரண்டாவது கட்டத்தைக் காட்டினார். "இந்த இருட்டு. இதுக என்ன ஆவும்?"

"விவசாயிக்குக் குடுக்க முடியாது" என்றார் சார். "ஆனா எத்தனையாவது சுத்துல தொப்பி கழறுதுன்னு பாக்க எங்களுக்கு இது வேணும். தோட்டத்துல ஒரு பாத்தி ஒதுக்குகேன். அட்டைய மட்டும் நாங்க கெட்டிக்கிடுகோம்."

"நல்ல அட்டையா கெட்டுங்க சார்."

சபிதா அறிக்கை எழுத உட்கார்ந்தாள். முந்தைய சோதனை ஏன் தவறியது என்று எழுத வேண்டியிருந்தது. 'கன்றுகளை நேரில் பார்க்காமல் இலை பெற்றது என் தவறு' என்று எழுதினாள். தோளுக்கு மேலே எட்டிப் பார்த்த செல்லபாய் விரலை வைத்து மறித்தார்.

"இது பொய். அட்டைய மாத்திக் கெட்டினது நானு. எனக்க பேர எழுது."

"நீங்க இரக்கப்பட்டுச் செஞ்சீங்க. நான் சோம்பலுல போகாம இருந்தேன்."

"நீ வந்ததுனாலதானே தெரிஞ்சுது? போன்ல சொல்லியிருந்தா நாளைக்கே குழி வெட்டியிருப்பாங்க. எழுதுட்டி எனக்க பேர."

"எழுத மாட்டேன்."

"சார், இவளப் பாருங்க சார்!"

குற்றத்தை ஒருவர்மேல் ஒருவர் தள்ளுகிறவர்களைத்தான் சார் தம் வேலைக் காலத்தில் நிறையப் பார்த்திருந்தார். எனக்கு எனக்கு என்று பிடுங்குகிறவர்களை அன்றுதான் பார்த்தார். "ரெண்டு பேரு பேரையும் எழுது, நாலு மணி ஆகப்போவுது" என்றார். சபிதா எழுதினாள். அறிக்கை போனபோது நாலுக்குப் பத்து நிமிடம் இருந்தது. கால் மணி நேரத்தில் பதில் வந்தது. புதன்கிழமை கன்று ஏற்ற வண்டி வரும்.

"டீ குடிச்சிட்டுப் போலாம் அக்கா" என்றாள் சபிதா.

செல்லபாய் அதற்குள் செருப்பில் காலை நுழைத்துவிட்டார். மற்ற பெண்களை வாசலுக்கு விரட்டிக்கொண்டிருந்தார்.

"டீ இன்னொரு நாளு. காலையிலிருந்து ஒருத்தரும் வெள்ளம் ஊத்தல. நேத்து வரைக்கும் சாவப் போற கன்னுக. இனிமே உயிரோட இருக்கப் போறதுகல்லா, தாகம் எடுக்காதா?"